பொடி எழுத்துப் பக்கம்

லூர்தம்மாளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் பேப்பரில் எந்தப் பக்கம் உசத்தி, எந்தப் பக்கம் மட்டம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். பதினாறு வருஷமாகத் தாராவியில் பழைய பேப்பரை மடித்து, மைதாப் பசை தடவிப் பை ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

பெரிய படம் போட்ட பக்கம் மட்டம். மை கையிலும் ஒட்டும், உள்ளே போடுகிற பண்டத்திலும் ஒட்டும். ஒரு தடவை சினிமா விளம்பரப் பக்கத்துப் பையில் போன பர்ஃபியில் ஒரு நடிகையின் பாதி முகம் பதிந்துவிட்டது. கடைக்காரர் அந்தப் பர்ஃபியையே சாட்சியாகக் கொண்டுவந்து காட்டிச் சண்டை போட்டார். கொட்டை எழுத்துத் தலைப்புகள் உள்ள பக்கம் சுமார், கடுகு உளுந்துக்கு ஆகும். படமே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தாக இருக்கும் பக்கம்தான் முதல் தரம். தாதரில் முந்திரிப் பருப்பும் திராட்சையும் விற்கும் கடைகளுக்கு அந்தப் பைதான் போகும். பை எடுக்க வரும் ஜெயினுலாப்தீன் பாய் மற்ற பைகளைச் சாக்கில் திணிப்பார், பொடி எழுத்துப் பைகளை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி வாங்குவார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஞானத்தை முதலாக வைத்துக்கொண்டுதான் 1963-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் லூர்தம்மாள் தன் மகளை இங்கிலீஷில் கரை சேர்க்கக் கிளம்பினாள்.

மகள் செல்வமேரி ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு. அவளுடைய இங்கிலீஷ் மாஸ்டர் பெரிய மனிதர். சனிக்கிழமைதோறும் சொல்வளத்தின் பெருமையைப் பற்றிப் பேசுவார். அவர் வாயில் மொத்தம் முந்நூறு இங்கிலீஷ் வார்த்தைகள் புழங்கின, அதில் இருநூறு பிள்ளைகளைத் திட்டுவதற்கு. தினமும் பேப்பர் வாசி, கஷ்டமான வார்த்தையாகப் பார்த்துப் பத்து எடு, மனப்பாடம் பண்ணு என்பதுதான் அவருடைய போதனா முறையின் ஆதியும் அந்தமும். எது கஷ்டமான வார்த்தை, எதற்காக அதைப் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த இருநூறு வார்த்தைகள் வெளியே வரும்.

மாதம் ஒருமுறை லூர்தம்மாள் சாக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போவாள். அங்கே ஆபீஸ்காரர்கள் வீட்டில் பழைய பேப்பர் கிடைக்கும். அப்படிப் பேப்பர் போடும் வாலாம்பாள் மாமிதான் போட்டியைப் பற்றிச் சொன்னது. தென்னிந்தியர் கல்வி வளர்ச்சிச் சபை என்று ஒன்று அங்கே இருந்தது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அது வருஷாவருஷம் உயர்தர ஆங்கிலச் சொல்வளப் போட்டி நடத்தும். முதல் பரிசு பெறுகிற பிள்ளையை பி.ஏ. முடியும்வரை சபையே காலேஜில் படிக்கவைக்கும். தாராவி, தேவ்நார் பக்கத்து ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடுவதே சபையின் லட்சியம் என்று நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள். பதினோரு வருஷமாகக் கைதூக்கிவிட்டும் அந்தப் பரிசு ஒரு தடவைகூடத் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. அது நோட்டீசில் இல்லை.

லூர்தம்மாளுக்கு அந்தப் பரிசு வேண்டும். வெறும் ஆசையாக இல்லை, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு வேண்டும். காரணம், அவள் புருஷன் சூசைமாணிக்கம் ஏற்கெனவே மகளின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டிருந்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற அவனுக்குச் செம்பூரில் ஒரு மருந்து கம்பெனி சூப்பர்வைசரைத் தெரியும். பரீட்சை முடிந்ததும் மகளை அங்கே சேர்த்துவிடலாம், உட்கார்ந்து செய்கிற வேலை, தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். என்ன வேலை என்று லூர்தம்மாள் கேட்டாள். பாட்டில்களில் லேபிள் ஒட்டுகிற வேலை என்றான்.

அவளுக்குக் காதில் விழுந்தது ஒட்டுகிற வேலை என்பது மட்டும்தான். பசை காய்ந்து காய்ந்து அவளுடைய விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. சோறு பிசைந்தால் எரியும். கோயிலில் கைகூப்பினால் சாமியாரின் பிரசங்கம் முடியும்வரை கை பிரியாமல் ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். தான் பெற்ற பிள்ளையும் இன்னொரு பசைக் கிண்ணத்தின் முன்னால் போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் பசை இன்னும் சீக்கிரம் காயும், அவ்வளவுதானே.

ஆகவே மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். தினம் ஒரு பொடி எழுத்துப் பக்கத்தை மடிப்பதற்கு முன்னால் தனியாக எடுத்து வைத்தாள். முந்திரிப் பருப்புக்குப் போக வேண்டிய பக்கம். அதை மகளிடம் கொடுத்துப் பத்து வார்த்தை எடுக்கச் சொன்னாள். ஜெயினுலாப்தீன் பாய் தயவில், பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையிலிருந்து அட்டை கிழிந்த அகராதி ஒன்றும் வந்து சேர்ந்தது.

செல்வமேரி முதல் வாரத்திலேயே சந்தேகப்பட்டாள். இந்தப் பக்கத்தில் கதை, கட்டுரை ஒன்றையும் காணோம், யாரோ யாருடைய வீட்டையோ ஏலம் போடுகிறார்கள், ஏதோ கம்பெனி திவாலாகிறது, எவனோ பங்குப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்கிறான் என்று சொன்னாள். படம் போட்ட பக்கத்தில் வாசிக்கவாவது ஏதோ இருக்கிறது என்றாள். லூர்தம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. படம் போட்ட பக்கத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? வார்த்தை கஷ்டமாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டாள். கஷ்டம்தான் என்றாள் மகள். பிறகு என்ன?

உண்மையிலேயே கஷ்டமான வார்த்தைகள். என்கம்ப்ரன்ஸ் என்றால் வில்லங்கம். அட்டாச்மென்ட் என்றால் ஜப்தி. ஃபோர்ஃபீச்சர் என்றால் பறிமுதல். இங்கிலீஷ் மாஸ்டர் ஒரு நாள் செல்வமேரியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். அதில் பாதி வார்த்தை அவருக்கே தெரியாது. அதனால் எந்தக் கேள்வியும் கேட்காமல் சிவப்பு மையில் குட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்படித்தான் உலகத்தில் பல பேருக்கு நற்சான்று கிடைக்கிறது.

பரீட்சை வைக்கிற பொறுப்பு லூர்தம்மாளுடையது. பையை ஒட்டிக்கொண்டே மகளை ஒப்பிக்கச் சொல்வாள். சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மகள் தயங்காமல் சொன்னால் சரி, எச்சில் விழுங்கினால் தப்பு. தப்பென்றால் அந்த வார்த்தையைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். கேட்டுக் கேட்டு அவளுக்கே பாதி வார்த்தை வாயில் ஏறிவிட்டது. ஒரு நாள் குழாயடியில் அடுத்த வீட்டுச் செண்பகவல்லி குடத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது, லூர்தம்மாள் ஆத்திரத்தில் லிக்விடேட்டர் என்று சொல்லிவிட்டாள். செண்பகவல்லி அப்படியே நின்றுபோனாள். என்ன சாபம் என்று தெரியாத சாபத்துக்கு யாருக்குத்தான் பயம் வராது? அன்றிலிருந்து லூர்தம்மாளுக்கு வரிசையில் இடம் விட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவள் மகளிடம் கேட்கவே இல்லை. பலன் தெரிந்த பிறகு அர்த்தம் எதற்கு?

ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஹாலில் போட்டி. தாயும் மகளும் பூசை முடிந்து அப்படியே நடந்து போனார்கள். லூர்தம்மாளுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் வாலாம்பாள் மாமி. சூசைமாணிக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது.

முதல் சுற்றில் செல்வமேரி பின்னியெடுத்துவிட்டாள். சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். சபைப் பெரியவர்கள் எல்லாருமே ரிடையரான ஆபீஸ்காரர்கள். அவர்களுக்குக் கஷ்டமான வார்த்தை வேண்டுமென்றால் பழைய ஃபைலிலிருந்துதானே எடுப்பார்கள்? செல்வமேரிக்குப் பொடி எழுத்துப் பக்கம் நன்றாகக் கைகொடுத்தது. கான்வென்ட் பிள்ளைகள் திருதிருவென்று விழித்த இடத்தில் அவள் எச்சில் விழுங்காமல் பதில் சொன்னாள். தூரத்திலிருந்தே லூர்தம்மாள் மகளின் தொண்டையைப் பார்த்து ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். செல்வமேரி ஒருத்தி.

இறுதிச் சுற்றுக்கு ஒரே தலைப்பு. என் வீட்டில் ஒரு காலைப் பொழுது. கற்ற சொற்களையெல்லாம் கையாண்டு பத்து வாக்கியம் பேச வேண்டும்.

முதலில் வந்த பையன் செம்பூர். அவன் வீட்டில் காலையில் பொற்கோளம் எழுந்தது, பனித்துளி முத்தாக மின்னியது, ஜன்னலோரம் நைட்டிங்கேல் பறவை கூவியது. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ நைட்டிங்கேல் கூவி அந்த ஹாலில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் காக்காய் சத்தம்தான். ஆனாலும் அத்தனை பேரும் அந்தப் பறவையை நேற்றுத்தான் வீட்டில் பார்த்ததுபோலத் தலையை ஆட்டினார்கள். இரண்டாவதாக வந்தது சபைத் தலைவரின் தங்கை மகள். அவள் வீட்டில் இரண்டு நைட்டிங்கேல்.

மூன்றாவது செல்வமேரி. அவளுக்கு நைட்டிங்கேல் தெரியாது, அது பொடி எழுத்துப் பக்கத்துக்கு வருவதில்லை. ஆறு மாதமாக எந்த இங்கிலீஷை வாசித்தாளோ அந்த இங்கிலீஷ்தான் வாயில் வந்தது. அவள் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

“இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தாராவியில் பத்தடிக்கு எட்டடி அளவுள்ளதும், வடக்கே சாக்கடையும், தெற்கே பொதுக் குழாயும், கிழக்கே தோல் ஊறப்போட்ட தொட்டியும், மேற்கே அடுத்தவர் சுவரும் எல்லைகளாகக் கொண்டதும், சகல வில்லங்கங்களுக்கும் உட்பட்டதுமான மேற்படி அறையில், மேற்படி சூசைமாணிக்கத்தின் மனைவி லூர்தம்மாள் நாளது காலை ஐந்து மணிக்கு எழுந்து மேற்படி அடுப்பைப் பற்றவைத்துப் பசை காய்ச்சுகிறாள்.”

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இரண்டாம் வரிசை. மேற்படி என்று வந்தபோதெல்லாம் சிரிப்பு கூடியது. ஐந்தாவது வாக்கியத்துக்குள் ஹால் முழுக்கச் சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அந்த மேடையில் பேசப்பட்டவற்றில் உண்மையான வாக்கியங்கள் அவை மட்டும்தான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

செல்வமேரி நிறுத்தவில்லை. பத்து வாக்கியம் என்றால் பத்து வாக்கியம். முகம் சிவக்கப் பத்தாவதையும் முடித்தாள். முடிக்கும்போது கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே லூர்தம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பல்லாக, கையைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு இரண்டு நைட்டிங்கேலுக்குப் போனது. செல்வமேரிக்கு ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள், சொல்வளத்தை ஊற்றிக் குடிப்பதற்காக இருக்கலாம். ஞாபக சக்தி நன்றாக இருக்கிறது, ஆனால் சொல்வளம் என்பது மனிதனை உயர்த்த வேண்டும் என்று தலைவர் புத்திமதி சொன்னார். எந்தச் சாக்கடையிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு என்று அவர் சொல்லவில்லை.

லூர்தம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரையும் இவ்வளவு சந்தோஷப்படுத்திய பிள்ளைக்கு ஏன் டம்ளர் என்று வாலாம்பாள் மாமியிடம் கேட்டாள். மாமி நல்லவள், அதனால் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அது ஏல நோட்டீஸ் பாஷைடி லூர்து. கோர்ட்டுக்காரா போடறது. அந்தப் பக்கத்தை மனுஷா யாரும் படிக்கறதில்லே.”

தாயும் மகளும் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பாலத்தில் ஏறினார்கள். நடுப்பாலத்தில் செல்வமேரி நின்றாள்.

“எல்லாரும் என்னய பாத்துச் சிரிச்சாவ. நீ எதுக்கும்மா சிரிச்ச?”

“சந்தோசத்துல சிரிக்காவன்னுல்லா நெனச்சேன்,” என்றாள் லூர்தம்மாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மகளைக் கெடுத்தது தான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பதினாறு வருஷத் தொழில் அறிவு அவளை இப்படிக் கழுத்தறுத்துவிடும் என்று அவள் நினைக்கவே இல்லை. பாலத்தில் போனவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செல்வமேரி அவளைத் தூக்கிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

காலேஜ் போயிற்று. சூசைமாணிக்கம் மறுநாளே லீவு போட்டு மகளைச் செம்பூருக்கு அழைத்துக்கொண்டு போனான். போட்டிக்குக் கிடைக்காத லீவு ஃபாக்டரிக்குக் கிடைத்தது.

அங்கே அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் அடர்த்தியாகப் பொடி எழுத்து. மற்ற நான்கு பேரும் கீழே கோடு போட்ட இடத்தைத் தேடினார்கள். செல்வமேரி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசிப்பதற்கு இல்லை, கையெழுத்துக்குத்தான் என்றார். அவள் நான்காவது ஷரத்தில் விரலை வைத்து, பாட்டில் உடைந்தால் அந்த மாதச் சம்பளம் முழுக்கவா பறிமுதல் என்று கேட்டாள். ஏழாவது ஷரத்தைக் காட்டி, எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டாள். மற்ற பெண்கள் என்ன என்ன என்று நெருங்கிவர, தமிழிலும் ஹிந்தியிலும் விளக்கிச் சொன்னாள். அதில் இருவர் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

ஆறு மாதச் சொல்வளத்தால் முதல்முதலாக ஓர் ஆபீசர் மிரண்டது அன்றைக்குத்தான். அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு சூசைமாணிக்கத்தை உள்ளே கூப்பிட்டார். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போ, நாளைக் காலையில் வாயை மூடிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை என்றார்.

சாயங்காலம் வீட்டில் சூசைமாணிக்கம் ஆடிய ஆட்டம் தெருவே கேட்டது. மானம் போயிற்று, படிக்கவைத்தது தப்பு, நாளைக்கு அவள் போய் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று குதித்தான். லூர்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பை ஒட்டினாள். மகள் ஒட்டுகிற வேலைக்குப் போகாமல் திரும்பி வந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதை வெளியே காட்டினால் அடி விழும் என்பதால் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, ஆறு மாதத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

“அந்தக் காயிதத்துல அப்படி என்னதாம்ட்டி எழுதியிருந்துச்சு?”

செல்வமேரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். எத்தனை வருஷம் ஆனாலும் நிரந்தரம் ஆகாது. அடிபட்டால் கம்பெனி பொறுப்பில்லை. தெருவில் பேசுகிற, கடுகு மடிக்கிற சாதாரணத் தமிழில் சொன்னாள், மேற்படி ஒன்றுகூட இல்லை. லூர்தம்மாளுக்கு எல்லாமே புரிந்தது. சூசைமாணிக்கத்துக்கும் புரிந்தது. அவன் முகம் மாறியது.

எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தான். அடியில், கல்யாண போட்டோவுக்கும் கீழே, நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தோல் ஷாப்பில் சேர்ந்தபோது கைநாட்டு வைத்து வாங்கிய தாள். பம்பாயில் பர்மனென்ட் வேலை என்று இந்தத் தாளைக் காட்டித்தான் லூர்தம்மாளின் அப்பாவிடம் பெண் கேட்டான். பர்மனென்ட் மாப்பிள்ளை என்றுதான் அவரும் கொடுத்தார். சூசைமாணிக்கம் அதை மகளின் முன்னால் விரித்து வைத்தான்.

செல்வமேரி வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். எச்சில் விழுங்கினாள்.

“டெம்ப்ரரின்னு போட்டிருக்குப்பா.”

அந்த வார்த்தைக்கு அகராதி தேவைப்படவில்லை. தாராவியில் எல்லாருக்கும் தெரிந்த இங்கிலீஷ் அது. அவன் மனைவியை ஒரு தடவை பார்த்தான், அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தாளை மடிப்புக் கலையாமல் பழையபடி மடித்தான். பிறகு மகளிடம் சொன்னான்.

“நாளைக்குச் செம்பூருக்குப் போவாண்டாம். எங்கூட ஷாப்புக்கு வா. அங்க நாப்பது பேரு இதே காயிதத்தப் பெட்டியில வச்சிருக்கான்.”